மடித்து வைக்கும் வெயில் தொப்பி: சில குறிப்புகள்

நடுகல், பாறை ஓவியம், சமணர் படுக்கை என்று ஞாயிறுதோறும் கிளம்பும் நண்பர்கள் நாங்கள். கேமரா லென்ஸ் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். தொப்பி பற்றி மட்டும் பேச்சே வராது. பஸ் ஸ்டாண்டில் கிடைத்ததை வாங்கி மாட்டிக்கொள்வதோடு சரி. சமீபத்தில் இரண்டு மூன்று பேர், "பையில மடிச்சு வைக்கிற மாதிரி நல்ல தொப்பி எது சார்?" என்று கேட்டார்கள். கடைகளில் பயணத் தொப்பி என்று விற்பவற்றைக் கொஞ்சம் உரசிப் பார்த்ததில் தேறியவை இவை.

முதல் குறை, அவற்றை விற்கும் விதத்திலேயே இருக்கிறது. எவ்வளவு சின்னதாக மடியும் என்பதைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். நிழல் எவ்வளவு விழும் என்று யாரும் சொல்வதில்லை. சின்னதாக மடிய வேண்டுமென்றால் துணி மெல்லியதாக இருக்க வேண்டும், விளிம்பு குறுகலாக இருக்க வேண்டும். அதாவது பைக்கு வசதியான ஒவ்வொன்றும் தலைக்கு நஷ்டம்.

இதற்குப் பள்ளிக்கூட முக்கோணவியல் போதும். சூரியன் நேர் எதிரே இருக்கும்போது, விளிம்பின் அகலத்தை சூரியனின் உயரக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்குங்கள். முகத்தில் நிழல் எவ்வளவு கீழே இறங்கும் என்பது கிடைத்துவிடும். ஏப்ரலில் காலை ஒன்பது மணி வாக்கில் சென்னையில் சூரியன் சுமார் 45 பாகையில் இருக்கும். 5 செ.மீ. விளிம்புக்கு 5 செ.மீ. நிழல், கண்ணோடு நின்றுவிடும். 7.5 செ.மீ. விளிம்பு என்றால் கன்னத்துக்கு இறங்கும். 60 பாகையில் இதே கணக்கு 8.7, 13 செ.மீ. என்று போகும். ஆஸ்திரேலியாவில் பெரியவர்களின் அகல விளிம்புத் தொப்பிக்குக் குறைந்தது 7.5 செ.மீ., பக்கெட் தொப்பிக்கு 6 செ.மீ. என்று சொல்கிறார்கள். கிரிக்கெட் கேப்பை அவர்கள் பரிந்துரைப்பதே இல்லை. காதும் பிடரியும் வெளியே கிடக்கின்றனவே!

அடுத்து துணி. லேபிளில் யு.பி.எஃப். 50 என்று இருந்தால், புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணி வழியே உள்ளே வரும் என்று அர்த்தம். லேபிள் இல்லையா? தொப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நெசவின் ஊடே வெளிச்சம் பொத்தல் பொத்தலாகத் தெரிந்தால் வைத்துவிடலாம். மெல்லிய வெள்ளைப் பருத்தி வியர்வையில் நனைந்தால் இன்னும் மோசம்.

சுருட்டி வைக்கலாம் என்று பேர் வாங்கியது பனாமா தொப்பி. பெயர்தான் பனாமா, ஊர் எக்வடோர். அங்கே டொக்கியா என்ற ஓலை நாரில் பின்னுகிறார்கள்; அந்தப் பின்னல் கலையை யுனெஸ்கோ 2012-ல் தன் பட்டியலில் சேர்த்தது. அருமையான வேலைப்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் எப்போதாவது பதமாகச் சுருட்டுவது வேறு, தண்ணீர் பாட்டிலுக்கும் டிரைபாடுக்கும் நடுவில் வாராவாரம் திணிப்பது வேறு. காய்ந்த நார் மடிப்பு விழுந்த இடத்தில் வெடிக்கும். அதே உருவத்தில் காகித நூலில் செய்த மலிவுப் பதிப்புகளோ நம்மூர் வியர்வைக்கே தாங்காது.

"நமக்கென்ன சார், கருப்புத் தோல்" என்பார்கள். தோலுக்கு அதில் ஓரளவு உண்மை இருக்கிறது, கண்ணுக்கு இல்லை. கண்புரைக்கும், வெள்ளை விழியிலிருந்து சதை வளர்வதற்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். பாறையைக் குனிந்து பார்த்தே இருபது வருஷம் கழித்த மூத்த நண்பர் ஒருவரின் கண்ணில் அந்தச் சதையைப் பார்த்திருக்கிறேன். எழுத்தைப் படிக்கத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்! மலைக்குப் போனால் குளிர்தானே என்பதும் சரியில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா 10 முதல் 12 சதவீதம் கூடும். 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தலையை வெயிலுக்குக் கொடுக்கிறோம்.

மடிப்பதில் துண்டை மிஞ்ச எதுவுமில்லை. காது, பிடரி இரண்டையும் மூடும், வியர்வையும் துடைக்கலாம். ஆனால் முகத்துக்கு விளிம்பு இல்லை. ஆகவே துண்டைக் கீழே போட்டு மேலே தொப்பி வைப்பதுதான் என் கட்சி.

கடையில் பார்க்க வேண்டியவை: 7.5 செ.மீ. விளிம்பு, அது தொங்காமல் இருக்க வரிசை வரிசையாகத் தையல், தரையிலிருந்து எதிரொளிக்கும் கூச்சத்தைக் குறைக்க அடிப்பக்கம் கருநிறம். தாடைக் கயிறு கட்டாயம். குன்றின் உச்சியில் காற்று பிடுங்கிய தொப்பியை எட்டிப் பிடிக்கப் போனால் போவது தொப்பி மட்டுமல்ல. கடைசியாக, கடைக்காரர் முன்னாலேயே தொப்பியைச் சுருட்டி, ஒரு நிமிஷம் கையில் இறுக்கிப் பிடித்து விடுங்கள். விளிம்பு தானாக விரிந்து நேராக நின்றால் வாங்கலாம். தொங்கினால், அது எவ்வளவு சின்னதாக மடிந்தாலும் வேண்டாம்.