ஸ்டார்ட் பட்டனைக் காணோம்

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலைகளுக்குள் போனால் ஒரு பலகையைக் கவனியுங்கள். '4எம் சேஞ்ச்' என்று எழுதியிருக்கும். மேன், மெஷின், மெட்டீரியல், மெத்தட். நான்கில் எது மாறினாலும், புது ஆபரேட்டர் ஒருத்தர் வந்தால்கூட, அதில் குறிக்க வேண்டும். செய்முறையை மாற்றுவதென்றால் பாகத்தை வாங்கும் கம்பெனிக்குச் சொல்லி, சாம்பிள் அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகுதான். லேத்தில் லீவரை இடம் மாற்றிவிட்டு 'போகப் போகப் பழகிடும்' என்று சொல்லிப் பாருங்கள், சூப்பர்வைசர் சண்டைக்கு வருவார்.

அதே கட்டடத்தில், மாடியில், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் கம்ப்யூட்டர் ராத்திரியோடு ராத்திரியாக முகம் மாறிவிடும். அதற்குப் பலகை கிடையாது.

பெரிய உதாரணம் விண்டோஸ் 8. 1995-லிருந்து இருந்த ஸ்டார்ட் பட்டனை 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. பதிலுக்குத் திரை முழுக்கக் கலர் கலராகச் சதுரங்கள். விரலால் தொடும் டாப்லெட்டுக்கு அழகான யோசனை, மறுக்க மாட்டேன். மவுஸ் வைத்துக்கொண்டு வவுச்சர் போடுகிறவருக்கு? ஷட் டவுன் செய்ய, ஒன்றுமே இல்லாத வலது மூலைக்கு மவுஸைக் கொண்டுபோய், அங்கே முளைக்கும் பட்டையில் செட்டிங்ஸ் போய், பவர் போய்... (கடுப்பாகி மெயின் ஸ்விட்சை அணைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.)

கம்பெனி சொன்ன காரணம்தான் சுவாரஸ்யம். விண்டோஸ் 7-லேயே ஜனங்கள் கீழ்ப்பட்டையில் ஐகான்களைக் குத்தி வைத்துக்கொள்கிறார்கள், ஸ்டார்ட் மெனு பக்கம் போவது குறைந்துவிட்டது என்று கணக்கெடுத்துச் சொன்னார்கள். கணக்கு சரி. சுவரில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டரையும்தான் யாரும் தினம் தொடுவதில்லை. கழற்றிவிடலாமா?

கூச்சல் பலமாக இருந்தது. ஸ்டார்டாக் என்கிற கம்பெனி பழைய மெனுவை ஐந்து டாலருக்கு விற்றது. இலவசமாக 'கிளாஸிக் ஷெல்' கிடைத்தது. 2013-ல் விண்டோஸ் 8.1-ல் பட்டன் திரும்பி வந்தது. அமுக்கினால் அதே சதுரங்கள்! மெனு ஒழுங்காக வந்து சேர 2015-ல் விண்டோஸ் 10 வரவேண்டியிருந்தது. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது பட்டன் நடுவுக்கு நகர்ந்திருந்தது. ரைட் க்ளிக் செய்தால் பழகிய பல சங்கதிகள் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' பின்னால் ஒளிந்துகொண்டன.

'புதுசு என்றாலே இவங்களுக்குப் பயம்' என்று கிண்டல் செய்வது சுலபம். ஓசூரில் அது எடுபடாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகிற ஊர். கடைக்காரர் ஆளைப் பார்த்து பாஷையை மாற்றுவார். இவர்களுக்கு மாற்றம் புதிதில்லை. கண் பார்க்காமலே கை போய் நிற்கும் இடம் என்று ஒன்று உண்டு. அதுவும் தொழில் ஞானம்தான். அதை யாரோ கேட்காமல் அழித்துவிட்டு, திரும்பக் கற்கும் நேரத்தை நம் கணக்கில் எழுதுகிறார்கள் என்பதுதான் கோபம்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டதால், பிடிக்காதவர்களும் 11-க்கு நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். நீங்களும் அந்த வரிசையில் இருந்தால், செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று போய் 'அலைன்மென்ட்' என்பதை 'லெஃப்ட்' ஆக்குங்கள். பட்டன் பழைய மூலைக்கே வந்துவிடும்.