முப்பதில் பதினைந்து

பீட்டில்ஸ் குழுவின் 'வொயிட் ஆல்பம்' என்று எல்லோரும் அழைக்கும் இரட்டை இசைத்தட்டின் உண்மைப் பெயர் வெறும் 'தி பீட்டில்ஸ்'. 1968 நவம்பர் 22 அன்று வெளிவந்தது. நான்கு பக்கங்கள், 30 பாட்டுகள், 93 நிமிடங்கள். இதை வைத்து ராக் ரசிகர்கள் பல்லாண்டுகளாக ஒரு விளையாட்டு ஆடிவருகிறார்கள். வேண்டாததைக் கழித்து ஒரே தட்டாகச் சுருக்கினால் எந்தெந்தப் பாட்டுகள் மிஞ்சும்?

ஆட்டத்துக்குக் கௌரவம் சேர்த்தவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். மிக நல்ல ஒற்றைத் தட்டாக வந்திருக்க வேண்டியது இது என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். பால் மெக்கார்ட்னிக்கோ அந்தப் பேச்சே பிடிக்காது. மார்ட்டின் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1968 தொடக்கத்தில் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்குத் தியானம் பழகப் போனவர்கள் மூட்டை மூட்டையாகப் பாட்டுகளோடு திரும்பினார்கள். மே மாதம் ஈஷரில் ஜார்ஜ் ஹாரிசன் வீட்டில் உட்கார்ந்து அவற்றை முன்னோட்டமாகப் பதிந்துகொண்டார்கள். அடுத்து வந்த ஐந்து மாத ஒலிப்பதிவில் ஒருவர் பாட்டை இன்னொருவர் தட்டிக்கேட்கும் பழக்கம் தேய்ந்துபோயிருந்தது. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமரிக் நடுவிலேயே விலகினார். டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டாரும் ஆகஸ்டில் கோபித்துக்கொண்டு போய்ச் சில நாள் கழித்துத்தான் திரும்பினார். அப்படிப்பட்ட வீட்டில் கத்தரிக்கோலை யார் எடுப்பது?

நானும் ஆடிப் பார்த்தேன், காகிதமும் பேனாவுமாக. எல்.பி. தட்டின் ஒரு பக்கத்துக்கு 22, 23 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 45 நிமிடம். ஆக, 48 நிமிடங்களை வெளியேற்ற வேண்டும். முதல் பலி எல்லோருக்கும் தெரிந்ததே: 'ரெவல்யூஷன் 9'. பாட்டே இல்லாத, ஒலிநாடாத் துண்டுகளை ஒட்டிச் செய்த இரைச்சல். அது போனால் 8 நிமிடம் 22 விநாடி மிச்சம். பிறகு வழக்கமாகத் திட்டு வாங்குபவை: 'வைல்ட் ஹனி பை', 'பங்களோ பில்', 'டோன்ட் பாஸ் மீ பை', 'ஒப்லடி ஒப்லடா', 'ராக்கி ரக்கூன்', 'பிக்கீஸ்', 'ஹனி பை', 'பர்த்டே', ஒன்றே முக்கால் நிமிடத்தில் முடிந்துபோகும் 'ஒய் டோன்ட் வீ டூ இட் இன் தி ரோட்', கடைசியில் தாலாட்டாக வரும் 'குட் நைட்'. மொத்தம் 11 போய்விட்டன. கூட்டிப் பார்த்தால் 35 நிமிடம்தான் குறைந்திருக்கிறது. இன்னும் 13 நிமிடம், அதாவது நான்கு பாட்டு வெட்ட வேண்டும். இனி கத்தி சதையில் இறங்கும். 'செக்ஸி சேடி'யா, 'லாங், லாங், லாங்'கா? 'க்ரை பேபி க்ரை'யா, 'மார்த்தா மை டியர்' பாட்டா?

இந்தக் கணக்கைப் போடாமல் பேசுகிறவர்கள்தான் "பாதி குப்பை, தூக்கிப் போடு" என்பார்கள். குப்பை பாதி இல்லை. அதோடு, குப்பை என்று ஒதுக்கியவை பெரும்பாலும் குட்டிப் பாட்டுகள். 'வைல்ட் ஹனி பை' மொத்தமே 52 விநாடி. அதை நீக்கி எந்த இடத்தை மிச்சம்பிடிக்கப் போகிறோம்?

என் பட்டியலை மறுபடி பார்த்தபோது இரண்டு விஷயங்கள் உறுத்தின. 'டோன்ட் பாஸ் மீ பை' ரிங்கோ தனியாக எழுதி வெளிவந்த முதல் பாட்டு. 'குட் நைட்' ஜான் லெனன் எழுதி ரிங்கோ பாடியது. முதல் சுற்றிலேயே இரண்டையும் வெட்டியதில் நால்வரில் ஒருவருடைய குரலே தட்டிலிருந்து காணாமல் போய்விட்டது. நான் அதைத் திட்டமிடவில்லை, கணக்கு அப்படிச் செய்தது. இரண்டாவது, வெட்டுப்பட்டவற்றில் ஏழெட்டு வேடிக்கைப் பாட்டுகள். பகடி, கோமாளித்தனம், பழைய நாடகமேடைக் குரல் எல்லாம் போய், துக்கமும் கோபமுமாக மிஞ்சியது ஒரு கனமான தட்டு. தரம் பார்த்து வடிகட்டுவதாக நினைத்துக்கொண்டு சிரிப்பை வடிகட்டியிருக்கிறேன். 'ஆழமான' பாட்டுக்கு அதிக மதிப்பெண் போடும் ரசிகப் புத்தி அது. மற்றவர்கள் போடும் பட்டியல்களிலும் இதே சாய்வைக் கண்டிருக்கிறேன்.

இன்னொரு கோளாறு இதைவிடப் பெரியது. பாட்டுகளைத் தனித்தனியாக நிறுத்தி எடைபோடும் இந்த முறை, எது எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதைக் கண்டுகொள்வதில்லை. பந்தி இலையில் ஊறுகாயை மட்டும் தின்று பார்த்து மார்க் போடுவோமா? 'குட் நைட்' தனியே கேட்டால் திகட்டும். மார்ட்டின் அமைத்த வாத்தியக் கூட்டம் சர்க்கரைப் பாகு. எட்டு நிமிட இரைச்சலைத் தாண்டி வந்தவனுக்கு அது நெற்றியில் வைத்த ஈரத்துணி. மூன்றாம் பக்கத்தில் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' தொண்டை கிழியக் கத்தி ஓய்ந்ததும், காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய மெல்லிய குரலில் ஹாரிசனின் 'லாங், லாங், லாங்' தொடங்குகிறது. இவை தற்செயல் அல்ல. அக்டோபர் நடுவில் லெனனும் மெக்கார்ட்னியும் மார்ட்டினும் ஏறத்தாழ 24 மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார்ந்து வரிசையை அமைத்தார்கள். கழிக்கவும் செய்தார்கள்: 100 டேக்குக்கு மேல் எடுத்த ஹாரிசனின் 'நாட் கில்டி' சேர்க்கப்படவில்லை. மோனோ பதிப்பில் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' முக்கால் நிமிடத்துக்கு மேல் குறைவு. விரலில் கொப்புளம் என்று ரிங்கோ அலறும் முடிவு அதில் கிடையாது. நாம் வெட்ட உட்காருவது ஏற்கெனவே வெட்டி முடித்ததைத்தான்.

அப்படியென்றால் சுருக்குவதே தவறா? இல்லை. பீட் டவுன்ஷெண்ட் 'லைஃப்ஹவுஸ்' என்ற பெரிய ராக் நாடகத்தைக் கனவு கண்டு அதில் மூழ்கித் தத்தளித்தார். ஒற்றைத் தட்டே போதும் என்று வழிகாட்டியவர் ஒலிப்பதிவில் உடனிருந்த க்ளின் ஜான்ஸ். 1971இல் ஒன்பதே பாட்டுகளோடு வந்த 'ஹூஸ் நெக்ஸ்ட்', 'தி ஹூ' குழுவின் மிகச் சிறந்த தட்டு என்பது என் முடிவு. பிரின்ஸ் மூன்று தட்டுகளாகத் தொகுத்த 'கிரிஸ்டல் பால்' வேண்டாம் என்று வார்னர் நிறுவனம் மறுத்ததால் 1987இல் இரட்டைத் தட்டாக வந்தது 'சைன் ஓ தி டைம்ஸ்'. அதையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அங்கெல்லாம் மண் ஈரமாக இருந்தபோதே சக்கரம் சுற்றியது; புதிய பாட்டைச் சேர்க்கலாம், இருப்பதை மாற்றிப் பாடலாம். நாம் சுட்ட பானையை உடைத்துச் சின்னப் பானை செய்யப் பார்க்கிறோம்.

இதை ஊகமாக விட வேண்டியதில்லை, ஒப்பிட்டுக் கேட்கவே ஒரு சான்று இருக்கிறது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1979இல் 'தி டைஸ் தட் பைண்ட்' என்ற பத்துப் பாட்டுத் தட்டை முடித்துக் கொடுத்தார். போதாது என்று தோன்றித் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு 20 பாட்டுகளோடு 'தி ரிவர்' இரட்டைத் தட்டாக வந்தது. கைவிட்ட ஒற்றைத் தட்டை 2015இல் ஒரு பெட்டித் தொகுப்பில் வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ஒற்றைத் தட்டு கச்சிதம், பிசிறில்லை. இருந்தாலும் 'தி ரிவர்' தட்டில் மதுக்கடைக் கும்மாளப் பாட்டுகள் நாலைந்து வந்துபோன பிறகு கல்யாணமும் வேலையின்மையும் பேசும் தலைப்புப் பாட்டு விழும்போது உண்டாகும் அடி, அதில் இல்லை. அந்தக் கும்மாளப் பாட்டுகளைத்தான் நம் கத்தரி முதலில் தேடும்.

எனினும் விளையாட்டை விடமாட்டேன். 'சவாய் ட்ரஃபிள்' பாட்டை அதுவரை நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. வெட்டலாமா என்று நாலு தடவை போட்டுப் பார்த்தபோதுதான் அதன் சாக்ஸபோன்கள் காதில் விழுந்தன.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஆல்பம் என்னிடம் முதலில் வந்ததே வெட்டுப்பட்டுத்தான். ரெக்கார்டிங் கடையில் 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கியது. 93 நிமிடத்தை அதில் அடைத்தால் என்ன ஆகும்? முதல் பக்கக் கடைசியில் 'ஜூலியா' பாதியில் அறுந்துவிடும். மறுபக்கத்தில் 'ரெவல்யூஷன் 9' முழுசாக இருக்கும்; 'குட் நைட்' தொடங்கி ஒரு நிமிடம் சொச்சத்தில் நாடா தீர்ந்து, டேப் ரிக்கார்டரின் பொத்தான் டக்கென்று மேலெழும்பும். இப்போது முழுப் பாட்டும் கையில் இருக்கிறது. ஆனாலும் ரிங்கோ ஒரு நிமிடம் பாடியதும் அந்த டக் சத்தத்துக்காகக் காது காத்திருக்கிறது.