பணிக்கர் எப்போது வேலையை விட்டார்?

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான் வரும். தந்தித் துறையில் வேலை பார்த்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக அலைந்தார். இரண்டையும் உதறிவிட்டு 25 வயதில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அப்புறம் நேராக 1966, ஈஞ்சம்பாக்கம், கடற்கரை, கலைஞர்களுக்கென்று ஒரு கிராமம். நடுவில் முப்பது வருஷம் காணாமல் போய்விடும்.

இந்தக் கதையை நானும் ரொம்ப நாள் நம்பினேன். நம்பினது மட்டுமில்லை, மாசச் சம்பளத்தில் மாட்டிக்கொண்டு ராத்திரியில் படம் வரைகிற ஒன்றிரண்டு நண்பர்களிடம் உற்சாகமாகச் சொல்லியும் இருக்கிறேன். பிறகு ஒருநாள் தேதிகளை மட்டும் நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். கதை வேறு மாதிரி ஆகிவிட்டது.

பணிக்கர் 1911ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். கேரளத்தின் வாய்க்கால்களையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து பழகியவர். 17 வயதிலேயே சென்னையில் மெட்ராஸ் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி கண்காட்சியில் அவர் படங்கள் இருந்தன. ஆக, ஆபீசில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று 'நான் ஓவியன்' என்று ஞானம் வந்தவர் இல்லை. குடும்பத்துக்காகப் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனார். 1936ல் எழும்பூர் பக்கத்துக் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவில் நிற்கிற உழைப்பாளர் சிலையைச் செய்தவர். 1940ல் படிப்பு முடிந்தது. 1941ல் அதே பள்ளியில் ஆசிரியர். 1957ல் முதல்வர். 1967ல் ஓய்வு.

கூட்டிப் பாருங்கள். வேலையை 'விட்ட' காலம் என்று பார்த்தால் மாணவராக இருந்த நாலைந்து வருஷம்தான். மற்றபடி 26 வருஷம் அரசாங்கச் சம்பளம். அவருடைய மிக முக்கியமான ஓவிய வரிசையான 'சொற்களும் குறியீடுகளும்' 1963ல் தொடங்குகிறது, முதல்வர் நாற்காலியில் இருந்தபோது. சோழமண்டலம் தொடங்கிய 1966லும் அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டேதான் சம்பளம் இல்லாமல் வாழ ஒரு ஊரைக் கட்டினார். இதைச் சொன்னால் அவர் மேல் மரியாதை குறையும் என்று யாராவது நினைத்தால், எனக்கு அது கூடத்தான் செய்தது.

ஓவியங்களுக்கு வருவோம். அந்த வரிசைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். படிக்க முடியாத எழுத்துகள், மலையாளம் மாதிரி ஏதோ, நடுவில் கணக்குச் சூத்திரங்கள், ஜாதகக் கட்டம் போலக் கட்டங்கள், ஒரு மூலையில் பறவையோ பாம்போ. பழைய கணக்கு நோட்டை யாரோ விரித்துப் போட்ட மாதிரி. தந்தியும் இன்சூரன்ஸும் தெரிந்த எந்த விமர்சகருக்கும் இங்கே கை துறுதுறுக்கும். 'பார், தந்திக் குறிகள்! பார், பாலிசிப் படிவத்தின் கட்டங்கள்!' நானும் அப்படி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அழித்துவிட்டேன். அந்த வேலைகளுக்கும் இந்தப் படங்களுக்கும் நடுவில் கால் நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியில் நிலக்காட்சிகள் இருக்கின்றன, மனித உருவங்கள் நிறைந்த பெரிய படங்கள் இருக்கின்றன, 1954ல் ஐரோப்பாவுக்குப் போய்வந்தது இருக்கிறது. ஐரோப்பிய நவீன ஓவியத்தை நேரில் பார்த்துத் திரும்பிய பிறகு, நம்மிடம் ஏற்கனவே இருக்கிற கோடு எது, எழுத்து எது என்று தேடிய ஒரு ஆசிரியரின் பத்து வருஷத் தேடல் அது. அதைக் குமாஸ்தா நினைவாகச் சுருக்கினால் படம் சின்னதாகிவிடும்.

அப்படியானால் அந்த வேலைகள் அவருக்கு ஒன்றுமே தரவில்லையா? தந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அதைத் தேட வேண்டிய இடம் ஓவியம் இல்லை, பத்திக். மெழுகும் சாயமும் வைத்துத் துணியில் செய்கிற அந்த பத்திக் வேலைதான் சோழமண்டலத்துக்குச் சோறு போட்டது. கலைப்பள்ளியில் படித்து முடித்த பையன்களும் பெண்களும் என்ன செய்வது என்பதுதான் 60களின் தொடக்கத்தில் பணிக்கருக்கு முன்னால் இருந்த கேள்வி. படம் வாங்க ஆள் இல்லை. ஆதிமூலம் போன்றவர்களுக்கு நெசவாளர் சேவை மையத்தில் வேலை கிடைத்தது, எல்லாருக்கும் கிடைக்காது. பணிக்கர் கண்ட வழி, நாளில் கொஞ்ச நேரம் விற்கக்கூடிய கைவினை, மிச்ச நேரம் சொந்த ஓவியம். கைவினை விற்ற பணத்தில் சுமார் 10 ஏக்கர் மணல் வாங்கினார்கள். அன்றைக்கு ஈஞ்சம்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடலோரக் கிராமம். 2011ல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. இன்றைக்கு ஈசிஆரில் காரில் போகிறவர்களுக்கு அந்த மணலைக் கற்பனை செய்வதுகூடக் கஷ்டம்.

இந்த யோசனை வானத்திலிருந்து குதிக்கவில்லை. அலெக்சாண்டர் ஹன்டர் 1850ல் தொடங்கிய அந்தப் பள்ளியே கைத்தொழிலுக்காகத் தொடங்கியதுதான். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு அங்கேதான் சாட்டர்டன் காலத்தில் பிள்ளையார் சுழி போட்டார்கள். உலோகம், மட்பாண்டம், துணி என்று பட்டறைகள் இருந்தன. ஓவியம் படிக்கிறவர்கள் அவற்றைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது வழக்கம். பணிக்கர் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்.

அதனால் கலை கெட்டதா? கைவினை கலைஞனின் கையைக் கெடுக்கும் என்று சொல்கிறவர்கள் எஸ்.ஜி. வாசுதேவின் செப்புத் தகடுப் புடைப்புகளையும், பணிக்கரின் மகன் நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களையும் பார்க்கணும். வயிற்றுக்காகத் தொட்ட உலோகம் பிறகு அவர்களின் மொழியாகவே ஆகிவிட்டது.

அதே சாலையில் தெற்கே முப்பது சொச்சம் கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். உளிச் சத்தம். அரசின் சிற்பப் பயிற்சி அங்கே தொடங்கியது 1957ல், பணிக்கர் முதல்வரான அதே வருஷம். ஒரு ஸ்தபதிக்கு 'கலையா வயிறா' என்ற கேள்வியே இந்த வடிவில் வராது. கோயில் கேட்கிறது, அவர் செய்கிறார். என்ன செய்வது என்பதை அவர் தனியாகத் தீர்மானிப்பதில்லை, அதுதான் அதற்கு விலை. ஈஞ்சம்பாக்கத்து ஆட்களுக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது, கேட்கிறவர்தான் இல்லை. பத்திக் அந்தப் பள்ளத்தின் மேல் போட்ட பலகை.

எல்லாரும் அந்தப் பலகையில் நடந்துவிட்டார்களா என்றால், இல்லை. கே. ராமானுஜம் என்னால் தாண்டிப்போக முடியாத பெயர். பேச்சு திக்கும், மனம் அடிக்கடி கலங்கும். சோழமண்டலத்தில் வாழ்ந்து, பேனா மையில் கோடு கோடாகக் கனவு மாளிகைகளை வரைந்தார். கோபுரங்கள், பாம்புகள், நடுவில் தொப்பி போட்ட ஒரு ஆள், அவரேதான். கன்னிமாரா ஓட்டலுக்குப் பெரிய படமும் செய்தார். 1973ல், முப்பதைத் தாண்டிக் கொஞ்ச வருஷத்திலேயே, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கிராமம் அவருக்கு இடம் தந்தது, கூட ஆட்களைத் தந்தது. அது போதவில்லை. சோழமண்டலத்தின் வெற்றியைச் சொல்கிற கட்டுரைகளில் ராமானுஜம் ஒரு சோகமான அடிக்குறிப்பாக வருவதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த ஊரில் உருவான படங்களில், பணிக்கருடையதையும் சேர்த்துச் சொல்கிறேன், நான் அதிக நேரம் நின்று பார்த்தது அவருடையதைத்தான்.

பணிக்கர் 1977 ஜனவரியில் இறந்தார். ஓய்வுக்குப் பின் சம்பளமில்லாத ஓவியராக அவருக்குக் கிடைத்தது பத்து வருஷம்கூட இல்லை. 2009ல் அந்தக் கிராமத்திலேயே சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று அருங்காட்சியகம் திறந்தார்கள். அடுத்த தடவை மாமல்லபுரம் போகிற வழியில் வண்டியை நிறுத்துங்கள். ராமானுஜத்தின் கோடுகளைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.