பெயரும் உறவும்: ஹவாயி மொழியின் தாவர, மீன் பெயர்களும் புக்குயி – எல்பர்ட் அகராதியும்

ஆய்வுச்சுருக்கம்

ஹவாயி மொழியின் தாவரப் பெயர்களும் மீன் பெயர்களும் உயிரினங்களைச் சுட்டுவதோடு நில்லாமல், வளர்நிலை, உணவுப் பயன்பாடு, பருவம், கரைக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றையும் பொருளாகக் கொண்டுள்ளன. இவ்வுறவுப் பொருளை மேரி கவேனா புக்குயி, சாமுவேல் எல்பர்ட் ஆகியோரின் அகராதி எந்த அளவுக்குக் காக்கிறது, எவ்விடத்தில் இழக்கிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஹவாயி மொழி, அகராதியியல், மீன் பெயர்கள், தாவரப் பெயர்கள், குமுலிப்போ

முன்னுரை

ஆஸ்திரனேசிய மொழிக் குடும்பத்தின் பொலினீசியக் கிளையைச் சார்ந்தது ஹவாயி. அம்மொழிக்கு 1865இல் லோரின் ஆண்ட்ரூஸ் விரிவான அகராதி ஒன்றை அளித்தார். 1957இல் புக்குயியும் எல்பர்ட்டும் தொகுத்த ஹவாயி – ஆங்கில அகராதி வெளிவந்தது. 1986இல் திருத்தி விரிவாக்கப்பட்ட அதன் பதிப்பே இன்றளவும் அடிப்படை நூலாக விளங்குகிறது. புக்குயி 1895இல் ஹவாயித் தீவின் கா’ஊ வட்டாரத்தில் பிறந்து, பாட்டியிடம் வளர்ந்து, மொழியையும் மரபறிவையும் ஒருங்கே பெற்றவர். எல்பர்ட் மொழியியலாளர். மரபறிவும் மொழியியல் ஒழுங்கும் இணைந்தமையே இவ்வகராதியின் வலிமை.

இக்கட்டுரையில் ஹவாயிச் சொற்கள் தமிழ் ஒலிப்புக்கு இயைய எழுதப்பட்டுள்ளன. சொல்லிடையில் வரும் குரல்வளை அடைப்பொலி ’ என்னும் குறியால் காட்டப்படுகிறது.

வளர்நிலைப் பெயர்கள்

மடவை மீனுக்கு ஹவாயி மொழியில் வழங்கும் பெயர்கள் அதன் வளர்ச்சியோடு மாறுகின்றன. குஞ்சுப் பருவத்தில் அது ‘புவா’. கையளவு வளர்ந்ததும் ‘கஹஹா’. ஏறத்தாழ 20 செ.மீ. நீளத்தில் ‘அமா’அமா’. 30 செ.மீ. அளவையும் அதற்கு மேலும் எட்டியபின் ‘அனாயே’. இவ்வாறே காலா மீன் குடும்பத்தைச் சேர்ந்த மோய் மீன், மோய் லி’இ, மன மோய், பாலா மோய், மோய் எனப் படிப்படியாகப் பெயர் பெறுகிறது. பாறை மீன் வகைகளின் இளநிலை ‘பாப்பியோ’ எனவும் முதிர்நிலை ‘உலுவா’ எனவும் வழங்கும்.

இப்பெயர்களின் தேவை மீன் வளர்ப்பில் விளங்குகிறது. ஹவாயி மக்கள் கரையோரத்தில் கற்சுவர் எழுப்பி மீன்குளங்கள் அமைத்தனர். குளத்தின் வாய்க்காலில் ‘மாக்காஹா’ என்னும் மரச்சட்டத் தடுப்பைப் பொருத்தினர். சட்டங்களின் இடைவெளி வழியே புவா உள்ளே நுழையும். உள்ளே வளர்ந்து பருத்த மீன் அவ்வழியே வெளியேற இயலாது. எனவே எந்த நிலை உள்ளே வரும், எந்த நிலை தங்கும், எது பிடிக்கத் தக்கது என்பவை குளத்தைப் பேணுவோர் நாளும் அறிய வேண்டியவை. பெயர்களின் வரிசை அந்தத் தொழிலறிவைத் தாங்கி நிற்கிறது. உயிரியல் நோக்கில் நான்கும் ஒரே இனம். மொழியின் நோக்கில் அவை நான்கு வேறுபட்ட செயல்களுக்கு உரியவை.

அகராதி இவ்விடத்தில் தன் கடமையைச் செவ்வனே செய்கிறது. அமா’அமா என்னும் பதிவில் வளர்நிலைகளும் அளவுகளும் தொகுத்துத் தரப்பட்டுள்ளன. இலத்தீன் பெயர் மட்டும் இருந்திருப்பின் இவ்வரிசை மறைந்திருக்கும்.

பயன்பாடு வழி வகைப்பாடு

‘இ’ஆ’ என்னும் சொல்லுக்கு மீன் என்பது முதற்பொருள். இது மாவோரி மொழியின் ‘இக்கா’, மலாய் மொழியின் ‘இக்கான்’ ஆகியவற்றோடு உறவுடையது. ஆயினும் ஹவாயியில் இதன் எல்லை விரிந்தது. நண்டு, சிப்பி முதலிய கடலுயிர்களும், இறைச்சியும், ஏன், உப்பும்கூட இ’ஆ ஆகலாம். சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, ஈரப்பலா போன்ற முதன்மை உணவு ‘அய்’ எனப்படும். அதனோடு தொட்டுக்கொள்ளப்படுவது இ’ஆ. ஆகவே இச்சொல் உயிரினத்தை மட்டுமன்றி, உணவில் ஒன்று மற்றொன்றோடு கொள்ளும் உறவையும் சுட்டுகிறது. அகராதி இவ்விரிவை விடாது பதிவு செய்துள்ளது.

‘லிமு’ என்பது கடற்பாசியை மட்டுமன்றி, நன்னீர்ப் பாசியையும் ஈரத்தில் படரும் நிலப்பாசியையும் தழுவும். தமிழின் ‘பாசி’ இதற்கு நெருக்கமானது. ஆங்கில விளக்கமோ பல சொற்களை அடுக்க வேண்டியதாகிறது. ‘கௌவிலா’ என்னும் பெயர் இருவேறு பேரினங்களைச் சேர்ந்த மரங்களுக்கு உரியது. இரண்டின் மரமும் மிகக் கடினமானது. ஈட்டிக்கும் மரப்பட்டைத் துணி அடிக்கும் கட்டைக்கும் பயன்பட்டது. இங்கு வகைப்பாட்டின் அடிப்படையாக மரத்தின் தன்மையும் பயனும் அமைந்திருத்தல் வேண்டும் எனக் கருதலாம்.

கரையும் கடலும்

படைப்பைப் பாடும் குமுலிப்போ 2,000 அடிகளுக்கு மேற்பட்டது. 16 பகுதிகளைக் கொண்டது. 1889இல் மன்னர் கலாகாவா இதனை அச்சிடச் செய்தார். 1897இல் அரசி லிலி’உவோக்கலானியின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இதன் தொடக்கப் பகுதிகளில், கடலில் பிறக்கும் உயிர்கள் பலவற்றுக்கு நிலத்தில் வளரும் தாவரம் ஒன்று காவலாக அமைக்கப்படுகிறது. லிமு கலா என்னும் கடற்பாசிக்கு ஆக்கலா என்னும் செடியும், கௌவிலா விலாங்குக்குக் கௌவிலா மரமும் இணையாகின்றன. இவ்விணைகள் ஒலியொப்புமையால் அமைந்தவை. எனவே இவற்றைச் சூழலியல் சான்றாகக் கொள்வது மிகை. ஆயினும் கடற்பெயரைச் சொன்ன அளவில் நிலப்பெயரும் நினைவுக்கு வரும் வண்ணம் சொற்களஞ்சியம் பயிற்றப்பட்டது என்பதற்கு இவை தக்க சான்று.

சூழலியல் அறிவுக்குப் பழமொழிகளே நேரடிச் சான்று தருகின்றன. தாழம்பழம் கனியும்போது ஹா’உக்கே’உக்கே என்னும் கடல் முள்ளெலி கொழுத்திருக்கும் என்பது ஒன்று. கரையில் நிற்பவர் கடலடியைக் காணாமலே அறுவடைக் காலத்தை இதனால் அறிவர். கல்யாண முருங்கையின் பேரினத்தைச் சேர்ந்த விலிவிலி மரம் பூக்கும்போது சுறா கடிக்கும் என்பது மற்றொன்று. பெண் புலிச்சுறாக்கள் இலையுதிர்ப் பருவத்தில் முதன்மைத் தீவுகளை நாடிக் குட்டி ஈன வருவதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளமை இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

அகரவரிசையின் இழப்பு

அகராதியின் குறை அதன் பதிவுகளில் இருப்பதினும் அதன் அமைப்பில் மிகுதி. அகரவரிசை புவாவை அனாயேயிலிருந்தும், தாழையைக் கடல் முள்ளெலியிலிருந்தும், லிமுவை ஆக்கலாவிலிருந்தும் பிரித்து வைக்கிறது. புக்குயி தொகுத்த 2,942 பழமொழிகள் 1983இல் தனி நூலாக வெளிவந்தன. அதுவும் அகரவரிசையிலேயே அமைந்தது. ஒரே அறிஞரின் அறிவு இவ்வாறு இரு நூல்களில், பல பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. உறவுகளை மீளக் கட்டும் பணி படிப்பவரைச் சார்ந்ததாகிறது.

அகராதி கலைக்களஞ்சியம் அன்று. இலத்தீன் பெயர் தருவதே துல்லியம் எனச் சிலர் கூறக்கூடும். கௌவிலாவின் இரு மரங்களைப் பிரித்தறிய இலத்தீன் பெயர் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இலத்தீன் பெயர் பிரித்துக் காட்டும். அவ்விரு மரங்களும் ஏன் ஒரே பெயர் பெற்றன என்பதைக் கூறாது. அகராதிக்கு இரண்டும் வேண்டும்.

இக்குறை பழைய தலைமுறையைப் பாதித்திராது. மீனைக் கையில் ஏந்தியவாறே அதன் பெயரைக் கற்றவர்க்கு உறவை நூல் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1896ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளின் பயிற்றுமொழியாக ஆங்கிலத்தை ஆக்கியபின் நிலை மாறியது. நீஹாவ் தீவு நீங்கலாகப் பிற இடங்களில் குழந்தைகள் வீட்டில் அம்மொழியைக் கற்பது அருகியது. 1984இல் தொடங்கிய பூனானா லேயோ மழலைப் பள்ளிகளும் அவற்றைத் தொடர்ந்த ஹவாயி வழிக் கல்வியும் மொழியை மீட்டெடுத்து வருகின்றன. இவ்வழியில் கற்போர் பலருக்குப் பாட்டியின் இடத்தில் அகராதியே நிற்கிறது. அகராதி ‘மடவை’ என்று மட்டும் சொன்னால், அச்சொல் அவர்களிடத்தில் ‘மடவை’ என்று மட்டுமே வாழும்.

முடிவுரை

புக்குயி – எல்பர்ட் அகராதி தனிச்சொல் அளவில் உறவுப் பொருளைப் பெரிதும் காத்துள்ளது. இ’ஆ, லிமு, அமா’அமா ஆகிய பதிவுகள் இதற்குச் சான்று. சொற்களுக்கு இடையிலான உறவைக் காட்டுவதில் அதன் அமைப்பு இடந்தரவில்லை. வளர்நிலை வரிசை, கரை – கடல் இணை, பருவக் குறிப்பு, உணவுப் பயன் ஆகியவற்றின்படி சொற்களைக் குறுக்கே இணைக்கும் பொருட்புல அகராதி ஒன்று இதற்குத் துணையாக வேண்டும். அதற்கான தரவு பெரும்பாலும் புக்குயியின் நூல்களிலேயே உள்ளது. அதனை ஒருங்கு சேர்ப்பது மொழி மீட்பின் அடுத்த படியாகும்.