நூற்றுக்குத் தொண்ணூறு – எதில்?

2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் விடியற்காலையில், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கனமான எரி எண்ணெய் கடலில் கொட்டியது. எர்ணாவூர்க் கரை கறுத்தது. வாளியும் கையுமாக நின்று கசடை அள்ளிய இளைஞர்களின் படங்களை நீங்களும் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

அவர்களுடைய உழைப்பில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை. இங்கு நாம் குறை காண்பது, அந்த உழைப்புக்கு எழுதப்பட்ட கணக்கில்தான்.

முதலில் துறைமுகத் தரப்பில் சுற்றுச்சூழலுக்குக் கேடு ஏதும் இல்லை என்றார்கள். பிறகு 20 டன் அளவில் பேச்சு அடிபட்டது. பிப்ரவரி முதல் வாரத்தில், பணியில் 90 விழுக்காட்டுக்கு மேல் முடிந்துவிட்டதாக மத்திய அரசின் செய்திக்குறிப்பு கூறியது. அதற்குள் அள்ளிய கசடோ 60 டன்னைத் தாண்டிவிட்டது.

20 டன் கொட்டிய இடத்தில் 60 டன் எப்படி அள்ள முடியும் என்று கேட்கிறீர்களா? இயற்பியலில் இது முடியாத காரியமன்று. கனமான எண்ணெயை அலை அடித்துக் கலக்கும்போது நுண்ணிய நீர்த்துளிகள் அதற்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. மோர் போன்ற இந்தக் கலவைக்குப் பால்மம் என்று பெயர். இதில் முக்கால் பங்குவரை நீர் இருக்கக்கூடும். கரையில் ஒதுங்கியதும் மணலும் குப்பையும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே 100 டன் கசடில் 30 டன் எண்ணெயும் இருக்கலாம், 70 டன்னும் இருக்கலாம். ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் சிறிது எடுத்து, நீரையும் மணலையும் பிரித்து எடை பார்த்தாலொழிய இது தெரியாது. 'இத்தனை டன் கசடு' என்று மட்டும் சொல்வது, நெல்லைப் பதரோடும் கல்லோடும் சேர்த்து அளந்து விளைச்சல் சொல்வதைப் போன்றது.

அப்படியானால் 90 விழுக்காடு என்பது எதில்? கொட்டிய எண்ணெயிலா, கறுத்த கரையின் நீளத்திலா, திட்டமிட்ட வேலை நாட்களிலா? முழு அளவைச் சொல்லாத விழுக்காட்டுக்குப் பொருள் இல்லை. செய்முறைத் தேர்வில் அளவீட்டு அட்டவணையை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதும் மாணவனுக்கு நாங்கள் மதிப்பெண் போடுவதில்லை.

இன்னொரு நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1989 மார்ச் 24-ஆம் நாள் அமெரிக்காவின் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' கப்பல் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அங்கும் தொடக்கத்தில் குழப்பத்துக்குக் குறைவில்லை. ஆனால் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் நடந்து பார்த்து, எண்ணெயின் அகலம், தடிப்பு, ஆழம் ஆகியவற்றை ஒரே மாதிரிப் படிவத்தில் குறித்தார்கள். சில இடங்களை வேண்டுமென்றே சுத்தம் செய்யாமல் விட்டு, ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்டார்கள். வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவிய கரைகளில், எண்ணெயைத் தாங்கிப் பிழைத்த உயிர்களும் மடிந்தன. அங்கே உயிரினங்கள் மீளத் தாமதமாயிற்று என்ற உண்மை இந்த ஒப்பீட்டால்தான் வெளிப்பட்டது. 1990 முதல் ஒரே பாறையை ஆண்டுதோறும் படமெடுத்து, அதில் பாசியும் சிப்பியும் வளர்ந்து தேய்வதைப் பதிந்து வந்தார்கள். ஒரு பாறையும் ஒரு காமிராவும் போதுமானதாக இருந்தன!

நெருக்கடி வேளையில் எழுதிக்கொண்டிருக்க நேரம் ஏது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சான்று காத்திருக்காது. எண்ணெயின் இலேசான பகுதி ஆவியாகிறது. கனமான பகுதி மணலுக்கடியில் புதைகிறது. அடுத்த அலையில் கரையின் தோற்றமே மாறிவிடுகிறது. நூறு பேர் அள்ளும் இடத்தில் ஒருவர் குறிப்பேட்டுடன் நின்றால் போதும். நாள், நேரம், இடம், எத்தனை பீப்பாய், யார் எடுத்துச் சென்றார்கள், எங்கே கொட்டினார்கள், மாதிரிப் புட்டியின் எண் என்ன – இவ்வளவுதான் அவர் எழுத வேண்டியது. வேலை தொடங்குமுன் ஒரு படம், முடிந்தபின் அதே இடத்தில் நின்று ஒரு படம். எந்த நிலையை எட்டினால் வேலையை நிறுத்தலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

இவை அலுவலகச் சடங்குகள் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. விசாரணை என்று வந்துவிட்டால் எண்ணெய் எங்கிருந்து வந்தது, எவ்வளவு, எதுவரை பரவியது என்பவைதான் கேள்விகள். வலை கறுத்து, மீன் விலைபோகாமல் நிற்கும் மீனவர் 'என் படகுத்துறையில் எண்ணெய் வந்தது' என்று சொன்னால், அதை மறுக்க ஒரு வழக்குரைஞர் போதும். நாளிட்ட குறிப்பும் மாதிரியும் இருந்தால் அப்படி எளிதில் மறுக்க முடியாது. ஒழுங்காக வேலை செய்த நிறுவனத்துக்கும் அதே குறிப்பேடுதான் துணை.

அடுத்த முறை '90 விழுக்காடு முடிந்தது' என்ற செய்தியைப் படிக்கும்போது, 'எதில்?' என்று ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். கடற்கரையில் வசிப்பவராயின் உங்கள் துறையில் ஒரு பாறையைத் தேர்ந்துகொண்டு இன்றே ஒரு படம் எடுத்து நாள் குறித்து வையுங்கள். எண்ணெய் வருமுன் கரை எப்படி இருந்தது என்பதற்கு அதுவே முதல் சான்றாகும்.