ஆங்கிலப் பாடவழி நாட்டுப்பற்று: தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலின் ஆறாம் அலகை முன்வைத்து

முன்னுரை

தமிழ்நாட்டில் 2019-20ஆம் கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் ஆறாம் அலகு, மொழித்திறனோடு குடிமைப் பண்புகளையும் கற்பிக்க வாய்ப்பளிப்பது. அல்போன்ஸ் தோதேவின் ‘தி லாஸ்ட் லெசன்’ சிறுகதை, ஜேம்ஸ் கிர்க்கப்பின் ‘நோ மென் ஆர் ஃபாரின்’ கவிதை, ‘தி லிட்டில் ஹீரோ ஆஃப் ஹாலந்து’ துணைப்பாடம் ஆகிய மூன்றும் அதில் இடம்பெறுகின்றன. முதலிரண்டும் முறையே நாட்டுப்பற்றையும் உலக ஒருமையையும் பேசுவன. அவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது எழும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதை சொல்வதும் சொல்லாததும்

பிரான்சு - பிரஷ்யப் போரில் பிரான்சு தோற்றபின், அல்சாசுப் பள்ளிகளில் இனி செருமன் மட்டுமே கற்பிக்கப்படவேண்டும் என்னும் ஆணை பெர்லினிலிருந்து வருகிறது. ஆசிரியர் ஹாமெல் தம் இறுதிப் பிரெஞ்சுப் பாடத்தை நடத்துகிறார். 1938, 1965ஆம் ஆண்டுகளின் மொழிப்போராட்டங்களை நினைவில் கொண்ட தமிழ்ச் சூழலில் இக்கதை எளிதில் நெஞ்சைத் தொடும். ஹாமெலின் பிரெஞ்சு நம் தமிழாகவே தோன்றும்.

இவ்வொப்புமை முழுமையானதன்று. அல்சாசு மக்களுள் பெரும்பாலோர் அக்காலத்தில் வீட்டில் பேசியது செருமானியக் கிளைமொழி. பிரெஞ்சு அவர்களுக்குப் பள்ளியின் மொழி, அரசின் மொழி. சிறுவன் பிரான்சு வினையெச்ச விதிகளை ஒப்பிக்க முடியாமல் திணறுகிறான். அதற்குக் காரணமாகக் கதை காட்டுவது அவனது சோம்பல், பெற்றோரின் கவனக்குறைவு, ஆசிரியரின் அசட்டை ஆகியவற்றையே. வீட்டுமொழி வேறு என்பது எங்கும் சொல்லப்படவில்லை. கதை 1870களில், தோல்வியின் காயம் ஆறாத காலத்தில் எழுதப்பட்டது என்பதை எண்ணினால் இம்மௌனம் விளங்கும். அரசின் மொழியைத் தாய்மொழியாகக் காட்டுவதே அதன் நாட்டுப்பற்றின் அடித்தளம்.

இதனை உணர்ந்து வாசித்தால் கதை நம் வகுப்பறையை நோக்கியும் வினா எழுப்பும். தெலுங்கு, உருது, சௌராட்டிரம், இருளர் மொழி ஆகியவற்றை வீட்டில் பேசும் குழந்தைகள் இங்கும் உள்ளனர். அவர்களுள் ஒருவர் தேர்வில் தடுமாறும்போது, அதனைச் சோம்பல் என்று நாமும் கூறுகிறோமா?

முரணும் உரையாடலும்

நாட்டை வாழ்த்தும் முழக்கத்தைக் கரும்பலகையில் எழுதி ஹாமெல் வகுப்பை முடிக்கிறார். அதே அலகின் கவிதையோ அந்நியர் என எவருமில்லை என்கிறது. அதன் ஆசிரியர் கிர்க்கப், இரண்டாம் உலகப்போரில் படைப்பணியை மறுத்தவர். இவ்விரு பனுவல்களும் ஒன்றையொன்று மறுப்பவை. அம்மறுப்பை மாணவர் விவாதிக்கும்போதே மொழிப்பயிற்சியும் குடிமைப் பயிற்சியும் ஒன்றாகின்றன. தேர்வு நோக்கிய வாசிப்பில் இவை ‘நாட்டை நேசி’, ‘உலகை நேசி’ என்னும் இரு விடைகளாகச் சுருங்கிவிடும்.

உள்ளூர்ச் சான்று

அலகின் மூன்று பனுவல்களும் ஐரோப்பியப் பின்புலம் கொண்டவை. கடலூர் மாவட்ட ஸ்ரீமுஷ்ணம் மாணவர்க்கு உலக ஒருமையை விளக்க அருகிலேயே சான்று உண்டு. மாசி மகத்தன்று பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, அங்குள்ள தர்காவில் இசுலாமியர் வரவேற்பளிக்கும் வழக்கம் உள்ளது. கவிதைக்குப்பின், இவ்வழக்கத்தை வெளியூரார்க்கு ஆங்கிலத்தில் விளக்கி எழுதுமாறு கேட்கலாம். தாம் அறிந்ததைப் பிறர்க்கு உணர்த்தும் தேவை அங்கு உண்மையானது. மனப்பாடம் அதற்கு உதவாது.

முடிவுரை

1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்ந்த 51அ பிரிவு, மத, மொழி, வட்டார வேறுபாடுகளைக் கடந்த உடன்பிறப்புணர்வைக் குடிமக்களின் கடமையாக்குகிறது. ஆராய்ந்தறியும் உணர்வை வளர்ப்பதையும் அதே பிரிவு கடமை என்கிறது. முன்னதைக் கற்பிக்கும் பாடம் பின்னதைக் கைவிடலாகாது. ஹாமெலுக்காக வருந்தும் மாணவர், அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்றும் கேட்கப் பழகவேண்டும். அவ்வினாவை ஆங்கிலத்தில் கேட்கும் திறனைத் தருவதே இவ்வலகின் உண்மையான பயனாக அமையும்.