இலவம் மாதிரி

மெத்தை வாங்குவதில் ஓர் அநியாயம் உண்டு. பத்து வருஷம் படுக்கப்போகிற சமாசாரத்தைக் கடையில் பத்து செகண்ட் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குகிறோம். மெத்தை என்ன, உட்காரவா?

'பழசு மாதிரியே வேணும்' என்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். அதிலும் பழசு இலவம்பஞ்சாக இருந்துவிட்டால் போச்சு. நாற்பது வருஷம் இலவம்பஞ்சில் படுத்த அம்மாவைப் பையன் ஊரிலிருந்து ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்து புது ஃபோம் மெத்தையில் படுக்க வைக்கிறான். மூன்றாம் நாள் அம்மா தரையில் பாயை விரித்துவிடுகிறாள். பையன் அதைப் பிடிவாதம் என்கிறான். எனக்கென்னவோ அது ஒரு மெத்தை விமரிசனமாகத்தான் தோன்றுகிறது.

இலவம்பஞ்சில் அப்படி என்ன இருக்கிறது? காற்று. அதன் இழை உள்ளே வெறும் குழாய். மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரை லேசில் உறிஞ்சாது, மிதக்கும். லைஃப் ஜாக்கெட்டுகளில் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். வழவழப்பாக, எளிதில் ஒடிவதாக இருப்பதால் நூல் நூற்க லாயக்கில்லை. காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்கு ஏமாற்றம், நமக்கு மெத்தை. படுத்தால் கொஞ்சம் அமுங்கி அப்படியே நிற்கும், துள்ளாது. நாளாக ஆக நடுவில் குழி விழும். வெயிலில் போட்டுத் தட்டினால் பாதி உயிர் வரும். மிச்சத்துக்குப் பிரித்து, அடித்து, மறுபடி தைக்க வேண்டும்.

இதற்கு இணை தேடிக் கடைக்குப் போனால், முதலில் ரப்பரைஸ்டு காயர். தேங்காய் நாரில் ரப்பர் பாலைத் தெளித்து அழுத்திச் செய்தது. காற்றோட்டத்தில் இலவத்துக்குச் சொந்தக்காரன். ஆனால் இடம் கொடுக்காது. ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் புகார் சொல்லும்.

அடுத்தது ஃபோம். 'ஃபார்ட்டி டென்சிட்டி ஸார், கல்லு மாதிரி இருக்கும்' என்பார் சேல்ஸ்மேன். நம்பாதீர்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. நாற்பது என்றால் 40 கிலோ. அது எத்தனை நாள் உழைக்கும் என்பதற்குத்தான் ஓரளவு அடையாளம். கடினம் வேறு கணக்கு: ஒரு தட்டை வைத்து அழுத்தி, குறிப்பிட்ட ஆழம் இறங்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பது. ஒரே டென்சிட்டியில் மெத்தென்றும் செய்யலாம், விறைப்பாகவும் செய்யலாம்.

மெமரி ஃபோம், 1966-ல் நாஸாவுக்காக விமான இருக்கை ஆராய்ச்சியில் பிறந்தது. உடம்புச் சூட்டில் இளகி உருவத்தை வாங்கிக்கொள்ளும். துள்ளாத குணத்தில் இலவத்துக்குக் கிட்டத்தில் வருகிறது. ஆனால் சூட்டை விடாது. சென்னை மே மாதத்தில் கரண்ட் போன ராத்திரி இதில் படுத்தவருக்கு நாஸா மேல் கோபம் வரும். ஏ.ஸி. அறையில் இதுவே விறைத்துக்கொள்ளும்.

ஸ்பிரிங் துள்ளும். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனிப் பையில் இருக்கும் 'பாக்கெட்' வகையில் பக்கத்தில் இருப்பவர் புரண்டால் உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மற்றதில் தெரியும். லேடெக்ஸ், ரப்பர் பாலை நுரைக்க அடித்துக் கெட்டியாக்கியது. டன்லப்காரர்கள் 1929-ல் கண்டுபிடித்த வழி. குளுமை பரவாயில்லை, உழைக்கும், ஆனால் இதுவும் கொஞ்சம் துள்ளும். எடையோ, மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்.

'முதுகுவலிக்குக் கட்டாந்தரைதான் நல்லது' என்று சொல்லும் மாமாக்கள் கவனிக்க: 2003-ல் லான்செட்டில் வந்த ஸ்பெயின் ஆராய்ச்சியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரில் பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மீதிப் பேருக்கு நடுத்தர மெத்தை கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது நடுத்தரக் கட்சிக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. லேபிளில் இருக்கும் 'ஆர்த்தோ'வைவிட இது நம்பகமானது.

ஆக, என் தீர்ப்பு. கடை மெத்தைகளில் இலவத்துக்குக் கிட்டத்தில் வருவது அடியில் காயர், மேலே இரண்டு அங்குலம் மெத்தென்ற லேடெக்ஸ். அடியில் ஆதரவு, மேலே கொஞ்சம் அமுக்கம், நடுவே காற்று. நூற்றுக்கு எழுபது மார்க். நூறுதான் வேண்டுமென்றால் இலவம்பஞ்சே வாங்குங்கள். போடிநாயக்கனூர் பக்கம் இன்றைக்கும் அதுதான் தொழில். கிலோ கணக்கில் பஞ்சை நிறுத்து, உங்கள் கட்டிலின் அளவுக்குத் தைத்துக் கொடுப்பார்கள். தூசி அலர்ஜி இருப்பவர்களும், வெயில் விழும் மொட்டை மாடி இல்லாதவர்களும் யோசித்துச் செய்யவும்.

எதை வாங்கினாலும் பெயரை நம்பாதீர்கள். மாடல் பெயர் மாறும், அதே பெயரில் உள்ளே இருப்பதும் மாறும். பழைய மெத்தையின் கனம், உள்ளே என்ன, படுத்தால் எவ்வளவு அமுங்குகிறது, மூன்றையும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். 100 ராத்திரி படுத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்கிற கம்பெனிகளும் இருக்கின்றன. நிபந்தனையைப் படித்துவிட்டு, தாராளமாக உபயோகியுங்கள்.

முக்கியமாக, படுக்கப்போகிறவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். அம்மா ஒருக்களித்துப் படுக்கிறவரா, பத்து நிமிஷம் அப்படியே படுக்கட்டும். சேல்ஸ்மேன் முறைப்பார். முறைக்கட்டும், ராத்திரி படுக்கப்போவது அவரில்லை.